மங்களேஸ்வரியின் மூச்சு மெஷின்

2008 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, ஹந்தானை வீதியில் இருந்து மேலே ஏறும் ஓர் ஒழுங்கையில் பொலிசாரும் ஆமிக்காரரும் வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். அங்கே தமிழர் இருந்த வீடுகள் ஏழுதான். ஆறாவது வீடு மங்களேஸ்வரியுடையது. அவளுக்கு ஐம்பத்தொரு வயது. கண்டியில் ஓர் அரச அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருபத்துமூன்று வருடமாக வேலை செய்கிறாள். சிங்களத்தில் வரும் சுற்றறிக்கைகளைத் தமிழாக்குவதும் தமிழில் வரும் மனுக்களைச் சிங்களமாக்குவதும் அவள் வேலை. கணவர் பொன்னுத்துரை வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். இருவரும் யாழ்ப்பாணத்துக் கொக்குவில்காரர். பிள்ளைகள் இல்லை.

சார்ஜன்ட் அலுமாரியைக் கிளறினார். கட்டிலுக்கு அடியில் டோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு கட்டிலோரத்து மேசையில் இருந்த பெட்டி அவர் கண்ணில் பட்டது. ஒரு இறாத்தல் பாண் அளவில் சாம்பல் நிறப் பெட்டி. அதில் இருந்து ஆறடி நீளத்துக்கு ஒரு குழாய். குழாயின் நுனியில் மூக்கை மூடுகிற மாதிரி ஒரு முகமூடி, தலையைச் சுற்றிக் கட்ட வார்கள்.

“மொக்கத மே?” என்றார். இது என்ன என்று கேட்டார்.

மங்களேஸ்வரி சிங்களத்திலேயே விளக்கினாள். நித்திரையில் தன் தொண்டை மூடிக்கொள்கிறது, மூச்சு நின்று போகிறது, இரவுக்கு நூறு, இருநூறு தடவை அப்படி நடக்கிறது, இந்த மெஷின் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைத்திருக்கிறது என்றாள். அவளுடைய சிங்களம் சார்ஜன்டின் சிங்களத்தைவிடத் துப்புரவாக இருந்தது. அது அவருக்குப் பிடித்ததாகத் தெரியவில்லை.

“மூச்சு நின்றால் ஆள் செத்துவிடும். நீங்கள் உயிரோடு நிற்கிறீர்களே” என்றார் அவர்.

அவள் லண்டன் கிளினிக்கின் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அவளுடைய தங்கை கமலாசனி லண்டனில் தாதியாக இருக்கிறாள். 2006ஆம் ஆண்டு மங்களேஸ்வரி அங்கே போய் ஒரு மாதம் தங்கியபோது, பக்கத்தில் படுத்த கமலாசனிதான் அக்காவின் மூச்சு நிற்பதைக் கண்டுபிடித்தாள். கிளினிக்குக்குக் கூட்டிப்போய்ச் சோதனை செய்வித்து, மெஷினையும் வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். கடிதத்தின் தலைப்பில் லண்டன் விலாசத்தைப் பார்த்ததும் சார்ஜன்டின் முகம் இன்னும் இறுகியது. எப்படி வேலை செய்கிறது, போட்டுக் காட்டு என்றார். அவள் பொத்தானை அமத்தினாள். மெஷின் இரைந்தது. வாசலில் நின்ற ஆமிக்காரப் பெடியன் இரண்டு அடி பின்னுக்குப் போனான். அதோடு முடிவாகிவிட்டது.

“பரிசோதிக்க வேண்டும். கொண்டு போகிறோம்.”

துண்டு ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். “கறுப்புப் பெட்டி 1, குழாய் 1” என்று அதில் இருந்தது.

“இது கறுப்பு இல்லை, சாம்பல். முகமூடியையும் எழுதவில்லை” என்றாள் மங்களேஸ்வரி.

“நோனா, உங்கள் கணவரையும் கொண்டு போகிறோம். அதையும் எழுதவா?” என்றார் சார்ஜன்ட்.

பொன்னுத்துரையைப் பின்னேரம் மூன்று மணிக்கு விட்டுவிட்டார்கள். மெஷினை விடவில்லை.

மெஷின் வருவதற்கு முந்திய காலத்தை மங்களேஸ்வரி மறக்கவில்லை. அலுவலகத்தில் பேனையைப் பிடித்தபடியே கண் சொருகும். பக்கத்து மேசைக்காரர்கள் சிரிப்பார்கள். உடம்பு பெருத்த பொம்பிளை, தின்றுவிட்டுத் தூங்குகிறாள் என்று அவள் காதுபடவே ஒருத்தி சொன்னதுண்டு. பிரஷருக்கு இரண்டு வகைக் குளிசை. மெஷின் வந்த பிறகு அவை ஒன்றாகக் குறைந்தன. இரத்தத்தில் சீனி எல்லைக்குள் நின்றது. காலையில் எழும்பும்போது தலை இலேசாக இருந்தது. நாற்பது வயதுக்குப் பிறகு தான் ஒருநாளும் சரியாக நித்திரை கொண்டதேயில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் பதினான்கு மாதச் சுகமும் ஒரு கிழமைக்குள் போய்விட்டது. விடிய எழும்பும்போது தலையைத் தூக்க முடியவில்லை. இரவில் நாலு ஐந்து தடவை மூத்திரம் போக வேண்டியிருந்தது. சட்டை நனைய வியர்த்தது, நெஞ்சு படபடவென்று அடித்தது. மாசி முடிவதற்குள் பிரஷர் நூற்றெழுபதுக்கு ஏறியது. பொன்னுத்துரை கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, மூச்சு நிற்கிற நேரமெல்லாம் அவள் தோளைத் தட்டினார். அறுபத்தாறு வயது மனிதர் எத்தனை நாளைக்கு அப்படி விழித்திருக்க முடியும்? பகலில் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு அவரும் தூங்கினார்.

டவுனில் டிஸ்பென்சரி வைத்திருந்த டொக்டர் தேவராசாவிடம் போனாள். அவரும் யாழ்ப்பாணத்தவர், நல்ல மனிதர், இருபது வருடப் பழக்கம். பிரஷரைப் பார்த்தார், வியர்வையைப் பற்றிக் கேட்டார், மாதவிலக்கு எப்போது நின்றது என்று கேட்டார்.

“போன வருசம்” என்றாள்.

“பிறகென்ன? வியர்க்கும், நெஞ்சு அடிக்கும், கோபம் வரும், நித்திரை வராது. எல்லாம் இந்த வயசுக்கு உரியதுதான். நாட்டு நிலைமையும் அப்பிடி. நித்திரைக்கு ஒரு குளிசை எழுதிவிடுறன்.”

“டொக்டர், போன மாசமும் எனக்கு இதே வயசுதான். அப்ப ஒண்டும் இருக்கேல்லை. மெஷினைக் கொண்டுபோன கிழமையில இருந்துதான் வந்தது.”

“அந்த அதிர்ச்சியும் சேர்ந்திருக்கும்” என்றார் தேவராசா, எழுதிக்கொண்டே.

அவள் அந்தக் குளிசையில் ஒன்றே ஒன்று போட்டாள். அடுத்த நாள் காலை பொன்னுத்துரை அழாக்குறையாகச் சொன்னார்: “மங்களம், அதை இனித் தொடாதையும். உம்மைத் தட்டி எழுப்பவே ஏலாமப் போச்சு.”

பொலிஸ் நிலையத்துக்குப் போகத் தொடங்கினாள். முதல் தடவை, பொறுப்பதிகாரி இல்லை என்றார்கள். இரண்டாம் தடவை, சாமான் பரிசோதனைக்குக் கொழும்புக்குப் போய்விட்டது என்றார்கள். மூன்றாம் தடவை இன்னொருவர் பதிவுப் புத்தகத்தைப் புரட்டி, சாம்பல் நிறப் பெட்டி என்று ஒன்றும் இங்கே இல்லை என்றார். துண்டைக் காட்டினாள். “இதில் கறுப்பு என்றுதானே இருக்கிறது? நீங்கள் சாம்பல் என்கிறீர்களே” என்றார் அவர். அவள் கறுப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அப்படியென்றால் முதலில் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டார்.

நாலாம் தடவைதான் ஒரு வழி தெரிந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி விசேட வைத்தியர் ஒருவர், இந்தக் கருவி இவருக்குக் கட்டாயம் தேவை என்று கடிதம் கொடுத்தால் யோசிக்கலாம் என்றார் பொறுப்பதிகாரி. அவள் நெஞ்சுநோய் வைத்தியரிடம் ஓடினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நித்திரையில் மூச்சை அளக்கிற வசதி எங்களிடம் இல்லை. லண்டன் ரிப்போர்ட்டை வைத்து நான் கையெழுத்துப் போட முடியாது. நாளைக்கு யாராவது கேட்டால் நான் என்ன சொல்வது?” என்றார். நியாயமான மனிதர்தான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவரைத் திட்டக்கூட முடியவில்லை.

சித்திரையில் அலுவலகத்தில் பிழை ஒன்று நடந்தது. விண்ணப்ப முடிவுத் திகதி முப்பத்தொன்று என்று இருந்த சுற்றறிக்கையை அவள் பதின்மூன்று என்று மொழிபெயர்த்துவிட்டாள். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் திகதி முடிந்துவிட்டது என்று நினைத்து விண்ணப்பம் போடாமல் விட்டார்கள். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. இருபத்துமூன்று வருடத்தில் முதல் தடவை. மேலதிகாரி நல்லவிதமாகத்தான் பேசினார். “உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் லீவு போடுங்கள்” என்றார். அவள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணிக் கோப்பையைச் சுவரில் எறிந்தாள். பொன்னுத்துரை சத்தம் போடாமல் துண்டுகளைப் பொறுக்கினார்.

“விடுமப்பா. கமலாவிட்டைச் சொல்லி இன்னொண்டு எடுப்பம்.”

“அவள் கேட்டுப் பாத்திட்டாள். கரண்டில வேலை செய்யிற சாமானைப் பார்சலில அனுப்பினா சுங்கத்திலை மறிப்பாங்களாம். பாதுகாப்பு அமைச்சின்ரை கடிதம் வேணுமாம்.”

“அப்ப கொஞ்ச நாளைக்குப் பேசாமல் இரும். போய்ப் போய் உம்மடை பேரை அவங்களுக்கு ஞாபகப்படுத்திக்கொண்டு இருக்கிறீர்.”

“பேசாமல் இருந்து சாகச் சொல்லுறீங்களோ?” என்று கத்தினாள். அந்த மனிதர் தனக்காக இரவிரவாகக் கதிரையில் இருக்கிறவர் என்று தெரிந்துகொண்டே கத்தினாள். பிறகு அதற்காக அழுதாள். தன் வாயில் வருவது தன் குணமில்லை என்று அவளுக்குப் பட்டது. ஆனால் அதை யாரிடம் போய் நிரூபிப்பது?

வைகாசியில், காலை வெறும் வயிற்றில் எடுத்த சீனி நூற்றிமுப்பத்தொன்றுக்கு ஏறியதால், ஆஸ்பத்திரியில் அவளைச் சுரப்பிகளைப் பார்க்கிற பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவள் டொக்டர் மஸீனா. முப்பத்தைந்து வயதிருக்கும். அலவத்துகொடைக்காரி. முக்காட்டுக்கு மேலே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பத்து நிமிடம் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“மிஸ், ராவைக்கு எத்தின தரம் மூத்திரம் போக எழும்புறீங்க?”

“நாலு, அஞ்சு.”

“மெஷின் ஈக்கக்குள்ள?”

“ஒருக்கா. சில நாள் அதுவும் இல்லை.”

மஸீனா தலையாட்டினாள். “செல்றன், கேளுங்க. மூச்சு அடைபட்ட நேரம் நெஞ்சு உள்ளுக்கு இழுக்குது. அப்ப இருதயம் விரியும். ஒடம்பில தண்ணி கூடிப்போச்செண்டு அது நெனச்சிக்கொண்டு ஒரு ஹோர்மோன விடும், தண்ணிய வெளியாக்கச் சொல்லி. அதான் உங்கள எழுப்புது. மூச்சு நிண்டதும் மூள பயப்படும். சிறுநீரகத்துக்கு மேல ஒரு சுரப்பி ஈக்குது, அது அட்ரினலின் மாதிரிச் சாமானெல்லாம் கொட்டும். ஒருத்தன் கத்தியோட தொரத்தினா என்ன கொட்டுமோ, அது. ஒரு ராவைக்கு இருநூறு தரம். அதாலதான் பிரஷர், வேர்வ, படபடப்பு. கோவமும் அதாலதான். கோர்ட்டிசோலும் ஏறும், ஈரல் சீனிய விடும்.”

மங்களேஸ்வரிக்குக் கண் கலங்கியது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஒருத்தி அவள் சொன்னதை அவளுக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறாள்.

“டொக்டர் தேவராசா இது வயசு எண்டுதான் சொன்னவர்.”

“அவர் சொன்னதில பாதி சரி. பொம்புளைகளுக்கு மாதவிலக்கு நிக்கக்குள்ள ஒரு ஹோர்மோன் கொறையும். அதுதான் தொண்டச் சதைய இறுக்கி வச்சிக்கொண்டு இருந்தது. இந்த நோய் வாறதுக்கு வயசும் காரணம். ஆனா ஒரு கிழமையில இவ்வளவும் வந்ததுக்கு வயசு காரணமில்ல.”

“இதைக் கடிதத்திலை எழுதித் தருவீங்களோ?”

“நெனப்ப எழுதினா பொலிசில எடுக்க மாட்டாங்க. கணக்கோட எழுதுவம். மூச்ச அளக்க என்கிட்ட மெஷின் இல்ல. ஆனா மூச்சு நிண்டதால ஒடம்பு என்ன கொட்டுதெண்டு அளக்கலாம். அது மூத்திரத்தில வரும்.”

ஐந்து லீற்றர் பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் கொடுத்தாள். அடியில் கொஞ்சம் அசிட் ஊற்றியிருந்தது, சாமான் பழுதாகாமல் இருக்க. மூன்று நாளைக்கு வாழைப்பழம், கோப்பி கூடாது. ஞாயிறு காலை எட்டு மணியில் இருந்து திங்கள் காலை எட்டு மணி வரை போகிற ஒவ்வொரு சொட்டும் அதற்குள் இருக்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் கணக்குப் பிழைக்கும்.

மங்களேஸ்வரி அப்படியே செய்தாள். திங்கள் காலை கேனைப் புடவைக்கடைப் பை ஒன்றில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி வரிசையில் நிற்க வைத்தார்கள். பெண்களைச் சோதிக்கிற கொட்டிலுக்குள் ஓர் இளம் ஆமிக்காரி இருந்தாள். பையைத் திறந்து, கேனைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே தளும்பியது.

“என்ன இது?”

“மூத்திரம். என்னுடையது. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கு.”

“இவ்வளவா?” என்று ஆமிக்காரி சிரித்துவிட்டாள். பிறகு மூடியைத் திருகப் போனாள்.

“முகத்துக்குக் கிட்டக் கொண்டு போகாதீர்கள் தங்கச்சி, அசிட் இருக்கிறது” என்றாள் மங்களேஸ்வரி.

அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆமிக்காரி கேனை நிலத்தில் வைத்துவிட்டு வெளியே ஓடி ஆளைக் கூப்பிட்டாள். துவக்கோடு மூன்று பேர் வந்தார்கள். பஸ் போய்விட்டது. அவளைத் தெருவோரத்தில் நிற்க வைத்து அடையாள அட்டையைப் பார்த்தார்கள், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று வாசித்தார்கள். மஸீனா தந்த ஆய்வுகூடத் துண்டைக் காட்டினாள். அது ஆங்கிலத்தில் இருந்தது. அவள் அதைச் சிங்களத்தில் மொழிபெயர்த்துச் சொன்னாள். அதிகாரி ஒருவர் வந்தார், மூக்கைப் பொத்திக்கொண்டு கேனுக்குள் பார்த்தார். அவருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சொன்னார்:

“ஊற்று.”

“ஐயா, இது இருபத்துநாலு மணித்தியாலத்து—”

“ஊற்று என்றேன்.”

தெருவில் போகிற வருகிற எல்லோரும் பார்க்க, ஐம்பத்தொரு வயதுப் பெண், அரச மொழிபெயர்ப்பாளர், தன் ஒரு நாளைய மூத்திரத்தைச் சாக்கடையில் ஊற்றினாள். கேனைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனாள். மஸீனாவின் மேசையில் வெறும் கேனை வைத்து, நடந்ததைச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த மஸீனா ஒரு இடத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டாள். பிறகு பார்த்தால் மங்களேஸ்வரியும் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சத்தமாகவே சிரித்தார்கள். வெளியே வந்ததும் மங்களேஸ்வரிக்கு வாந்தி வருகிற அளவுக்குத் தலையிடித்தது.

அடுத்த கிழமை, கேனுக்குள் இருப்பது என்ன என்று மஸீனா ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத, மங்களேஸ்வரி அதைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கினாள். மூன்றுக்கும் முத்திரை குத்தினார்கள். மறுபடியும் நிரப்பிய கேனோடு அவள் போன அன்றைக்கு அந்தச் சாவடியில் மழை. ஆமிக்காரி கொட்டிலை விட்டு வரவேயில்லை. பஸ்ஸைக் கைகாட்டி அனுப்பிவிட்டார்கள். ஒருவரும் கடிதத்தைக் கேட்கவில்லை.

முடிவு கொழும்பில் இருந்து வர ஐந்து கிழமை எடுத்தது. அட்ரினலினோடு சேர்ந்து கொட்டுகிற நோர்அட்ரினலின், இருக்க வேண்டிய உச்ச அளவைப்போல இரண்டரை மடங்கு. மங்களேஸ்வரி அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது சந்தோஷப்பட்டாள். தன் உடம்பு பொய் சொல்லவில்லை. இனிக் கடிதம் வரும், மெஷின் வரும்.

மஸீனாவின் முகத்தில் சந்தோஷம் இல்லை.

“மிஸ், கடிதத்தில நான் மட்டும் கையெழுத்துப் போட ஏலாது, எங்கட பெரிய டொக்டரும் போடணும். அவர் இந்தக் கணக்கப் பாத்திட்டு வேற ஒண்டு செல்றார். இவ்வளவு கூடினா அந்தச் சுரப்பியில கட்டி ஈக்கலாமாம். முதல்ல ஸ்கேன் செஞ்சி அத இல்லையெண்டு காட்டணுமாம்.”

“கட்டியோ?”

“எனக்கு அந்த நெனப்பு இல்ல. மூச்சு நிக்கிறவங்களுக்கு இப்பிடி ஏறுறதுதான். ஆனா அவர் செல்றதும் பிழையில்ல. கட்டி ஈந்து நாங்க விட்டா உயிராபத்து.”

“ஸ்கேன் எப்ப?”

“வரிசைப்படி ஒம்பது கிழமை.”

மங்களேஸ்வரி கதிரையில் இருந்து எழும்பினாள். “எனக்கு வருத்தம் இருக்கெண்டு காட்டத்தானே டொக்டர் இதைச் செய்தனாங்கள். இப்ப வருத்தம் கூடிப்போச்செண்டு கடிதம் தர மாட்டினம். குறைஞ்சிருந்தா வருத்தம் இல்லையெண்டு தந்திருக்க மாட்டினம். எவ்வளவு இருந்தால் தருவினம்?”

மஸீனாவின் காதும் கன்னமும் சிவந்திருந்தன. “நான் ஒண்டு நெனச்சன், நடந்தது வேற ஒண்டு. மன்னிச்சிக்கோங்க” என்றாள். தன் கைப்பேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தாள். தலையணையை உயர்த்தி, ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள். பிரஷருக்கு இரண்டாவது குளிசையையும் சீனிக்கு ஒன்றையும் எழுதினாள்.

ஒன்பது கிழமை பதினொன்றாயிற்று. புரட்டாதியில் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி இல்லை. ஐப்பசியில் இரண்டு கையெழுத்தோடு கடிதம் கிடைத்தது. பொலிஸ் நிலையத்தில் கடிதத்தைக் கொடுத்தபோது அவள் எதிர்பார்த்தது இன்னொரு தாமதம். ஆனால் பொறுப்பதிகாரி கடிதத்தைப் பாதிகூட வாசிக்கவில்லை. ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவன் பின்பக்கத்து அறைக்குள் போய், பத்து நிமிடத்தில் தூசி தட்டிக்கொண்டே பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். அது கொழும்புக்குப் போகவேயில்லை. எட்டு மாதமும் அங்கேதான் இருந்திருக்கிறது. யாரோ அதைத் திறந்து பார்த்துவிட்டுச் சரியாக மூடாமல் விட்டிருந்தார்கள். ஆணிகள் இல்லை, உள்ளே வயர் இரண்டு அறுந்து தொங்கியது. முகமூடியைக் காணவில்லை.

“முகமூடி துண்டில் எழுதப்படவில்லையே” என்றார் பொறுப்பதிகாரி.

அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் செருகிப் பார்த்தாள். சின்ன விளக்குக்கூட எரியவில்லை. பொன்னுத்துரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். “பிசாசுகள்” என்றார். அந்த மனிதர் வாயில் அவள் அப்படி ஒரு சொல்லைக் கேட்டதில்லை.

அவள் மஸீனாவுக்குப் போன் எடுத்தாள். மஸீனாவின் வாப்பாவுக்குத் தம்பி, சாச்சா பாரூக், அக்குறணையில் ரேடியோ, டீவி திருத்துகிறவர். பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “இது பெரிய வித்தையில்ல. காத்தாடி மோட்டரும் ஒரு போர்டும்தான்” என்றார். பாகம் தேடி மூன்று கிழமை அலைந்து, பழைய கம்பியூட்டர் ஒன்றில் இருந்து எதையோ கழற்றிப் போட்டார். முகமூடியைக் கமலாசனி தபாலில் அனுப்பினாள். அது ரப்பர் என்பதால் சுங்கத்தில் ஒருவரும் மறிக்கவில்லை. மெஷின் முன்னையைவிடக் கொஞ்சம் கூடுதலாக இரைந்தது. ஆனால் ஊதியது. முதல் நாள் அவள் ஒன்பது மணித்தியாலம் நித்திரை கொண்டாள். பொன்னுத்துரை கதிரையை வெளி விறாந்தைக்குக் கொண்டுபோய் வைத்தார்.

2009 தை மாதம், கண்டித் தெருக்களில் கிளிநொச்சி பிடிபட்டதற்கு வெடி கொளுத்திக்கொண்டிருந்த கிழமையில், அவள் கதவைப் பூட்டிக்கொண்டு இன்னொரு கேனை நிரப்பினாள். இந்தத் தடவை மஸீனாவே காரில் வந்து வாங்கிக்கொண்டு போனாள். நோர்அட்ரினலின் வழமைக்கு வந்திருந்தது. இரவில் எழும்புவது நின்றது. பிரஷர் இறங்கியது. சீனி மட்டும் இறங்கவில்லை. அந்தக் குளிசை இனிச் சாகும்வரைக்கும் என்றாள் மஸீனா. அலுவலகத்தில் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு, அந்தப் பதின்மூன்றாம் திகதிப் பிழையால் வேறொருவருக்குப் போயிருந்தது.

“மிஸ், இத எழுதி வைக்கணும்” என்றாள் மஸீனா. “மெஷினோட ஒரு கணக்கு, மெஷின் இல்லாம ஒரு கணக்கு. ஒரே ஆளில ரெண்டும் இந்த நாட்டில யாரும் எடுத்ததா எனக்குத் தெரியாது. கட்டியெண்டு மாறி நெனைக்கிற டொக்டர்மாருக்கும் உதவும். நீங்க சம்மதப் படிவத்தில கையெழுத்துப் போட்டா ஒரு வைத்தியச் சஞ்சிகைக்கு அனுப்பலாம்.”

அவள் படிவத்தை வாங்கி வாசித்தாள். பழக்கத்தில் இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தினாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: நோயாளி சிகிச்சையை நிறுத்தியதற்கான காரணம். கீழே நாலு பெட்டி. அசௌகரியம். செலவு. பயன் தெரியாமை. நோயாளியின் விருப்பம்.

“இதில எனக்கு ஒண்டும் பொருந்தாது, டொக்டர்.”

“கடைசியப் போடுங்களேன். சும்மா ஒரு போர்ம்தானே.”

“நான் விரும்பி நிப்பாட்டேல்லை.”

“தெரியும் மிஸ்.”

“தெரிஞ்சால் எப்பிடிப் போடச் சொல்லுறீங்கள்?”

மங்களேஸ்வரி ஐந்தாவதாக ஒரு பெட்டியைக் கீறி, பக்கத்தில் மூன்று மொழியிலும் எழுதினாள். சிங்களத்தில்தான் நேரம் எடுத்தது. ‘பொறுப்பேற்கப்பட்டது’ என்று எழுதலாம், அலுவலகத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். அவள் அதை எழுதி, வெட்டி, ‘கருவி பறிக்கப்பட்டது’ என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு கிழமையில் படிவம் திரும்பி வந்தது. கொடுக்கப்பட்ட நாலில் ஒன்றைத் தெரிவுசெய்து, புதிய படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பும்படி சஞ்சிகையின் ஆசிரியர் குழு கேட்டிருந்தது. மஸீனா போனில் அதை வாசித்துக் காட்டினாள்.

“என்ன செய்வம் மிஸ்? இல்லாட்டி இது வெளியில வராது.”

“வராட்டில் வராமல் இருக்கட்டும். நீங்கள் உங்கடை கொப்பியிலை வைச்சிருங்கோ.”

“உங்களுக்குக் கோவமா?”

“ஓம்” என்றாள் மங்களேஸ்வரி. “ஆனா இது அந்தச் சுரப்பியால இல்லை.”

அன்று சனிக்கிழமை. கிழமைக்கு ஒருக்கா மெஷினின் குழாயைச் சவர்க்காரத் தண்ணியில் கழுவ வேண்டும். அவள் கழுவி, முற்றத்துக் கொடியில், வெயில் படுகிற இடமாகப் பார்த்துத் தொங்கவிட்டாள். பொன்னுத்துரை விறாந்தையில் இருந்து எட்டிப் பார்த்தார்.

“மங்களம், அதை உள்ளுக்குக் காயப்போடும். ரோட்டிலை போறவை காணுவினம்.”

“காணட்டும்” என்று சொல்லிவிட்டு, காற்றில் விழாமல் இருக்க இரண்டு பக்கமும் கிளிப் போட்டாள்.